பழைய சைக்கிள் பந்தய வரலாற்றைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

பலரும் வெற்றியாளர் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. பல நாட்கள் நடக்கும் பிரெஞ்சுப் பந்தயமான டூர் தெ பிரான்ஸின் (சுருக்கமாக, டூர்) பட்டியலில் இத்தாலிய வீரர் ஜினோ பார்த்தலியின் பெயர் 1938, 1948 என இரண்டே முறைதான் வரும். ஐந்து முறை வென்றவர்களுக்குப் பக்கத்தில் அவர் சிறியவராகத் தெரிவார். ஆனால் 1940 முதல் 1946 வரை போரால் அந்தப் பந்தயமே நடக்கவில்லை. அவருடைய சிறந்த ஆண்டுகளைப் போர் தின்றுவிட்டது. பட்டியலில் அது தெரியாது.

அந்தப் பட்டியலே பின்னால் மாறியும் இருக்கிறது. 1904 டூரில் முதலில் வந்த நால்வரையும் முறைகேடுகளுக்காகப் பல மாதங்கள் கழித்து நீக்கினார்கள். ஐந்தாவதாக வந்த 19 வயது ஆன்றி கோர்னே வெற்றியாளர் ஆனார். 1999 முதல் 2005 வரை லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் வென்ற ஏழு பட்டங்களுக்கு இன்று உரியவரே இல்லை. ஊக்கமருந்துக் குற்றத்தால் அவை 2012-இல் பறிக்கப்பட்டன. ஆகவே பட்டியலைப் பார்க்கும்போது, அது எப்போது திருத்தப்பட்டது என்பதையும் பாருங்கள்.

அடுத்தது, விதிகளை மறந்து வேகத்தை ஒப்பிடுவது. 1903-இல் நடந்த முதல் டூரின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 25 கி.மீ.தான். அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்காதீர்கள். 2,428 கி.மீ. தூரத்தை ஆறே கட்டங்களில், இரவிலும் மிதித்துக் கடந்தார்கள். கியர் மாற்றும் கருவியை டூரில் அனுமதித்ததே 1937-இல்தான். 1905 முதல் 1912 வரை மொத்த நேரத்தை வைத்து அல்ல, புள்ளிகளை வைத்தே வெற்றியைத் தீர்மானித்தார்கள்.

என்னை மிகவும் உலுக்கியது 1913 டூரில் எழன் கிறிஸ்தோஃப் என்ற வீரருக்கு நேர்ந்தது. டூர்மலே மலை இறக்கத்தில் அவர் சைக்கிளின் முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) முறிந்தது. பிறர் உதவி கூடாது என்பது விதி. சைக்கிளைச் சுமந்து பல கி.மீ. நடந்து, ஒரு கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். துருத்தியை ஊதச் சிறுவன் ஒருவன் உதவியதற்குத் தண்டனை நேரம் விதித்தார்கள்! அந்த விதி தெரியாமல் படித்தால், அவர் பல மணி நேரம் பின்தங்கியது மட்டுமே கண்ணில் படும்.

பெயர்களும் ஏமாற்றும். வட பிரான்சில் நடக்கும் பாரிஸ்–ரூபே என்ற ஒருநாள் பந்தயத்தை 'வடக்கின் நரகம்' என்பது கல் பதித்த சாலைகளால் என்றே பலர் நினைக்கிறார்கள். 1919-இல், முதல் உலகப் போரில் சிதைந்த அந்த நிலத்தைக் கண்டவர்கள் வைத்த பெயர் அது.