முதல் பிளாக் பெல்ட் கிரேடிங்: கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தயாராவது

கராத்தேயில் முதல் பிளாக் பெல்ட்டுக்கான ஷோடான் கிரேடிங்கில் (தேர்வில்) புதிதாக ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒயிட் பெல்ட்டில் முதல் மாதம் பழகிய குத்தும் தடுப்பும்தான் முக்கியம். மூச்சு வாங்கித் தொடை நடுங்கும்போதும் அவை கலையாமல் நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள், அவ்வளவே. தயாரிப்பு முழுக்க அந்தக் கடைசிப் பத்து நிமிடத்துக்காகத்தான்.

இங்கே சொல்வது கராத்தேயில் ஷோட்டோகான் என்ற பிரிவின் முறை. ஷிட்டோ ரியூ, கோஜூ ரியூ என்ற மற்றப் பிரிவுகளைப் பழகுகிறவர்களுக்குக் கட்டாவும் நிலைகளும் மாறும்.

தேர்வில் கிஹோன் (அடிப்படை அசைவுகள்), கட்டா (தனியாக வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு), குமிதே (எதிராளியுடன் மோதல்) என மூன்று பகுதி. கட்டாவில் வழக்கமாக பஸ்ஸாய் டாய், கன்கு டாய், ஜியோன், எம்பி, ஹங்கெட்சு போன்றவற்றில் ஒன்றை நீங்கள் எடுப்பீர்கள். முன்பே பழகிய ஹெயான் கட்டா ஐந்தில் ஒன்றையோ டெக்கி ஷோடான் என்ற கட்டாவையோ எக்ஸாமினர் கேட்கலாம். மூன்று மாதம் முன்பே மாஸ்டரிடம் உங்கள் சங்கத்தின் சிலபஸைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "போன தடவை ஹெயான் யோண்டான்தான் கேட்டாங்க" என்ற பேச்சை நம்பி மற்ற நான்கையும் விட்டவர்கள்தான் அன்றைக்கு விழிப்பார்கள்.

12 வாரம், வாரத்துக்கு 4 நாள், தினம் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் 4 வாரம் வேகமே வேண்டாம், நிலை மட்டும். ஏப்ரல், மே மாதத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மொட்டைமாடிகளில் காலை எட்டு மணிக்கே பாதம் சுடும். ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்கு முடித்துவிடுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

ஜென்குட்சு டாச்சியில் (முன்கால் மடங்கி, பின்கால் நீண்ட நிலை) நீளம் தோளகலம் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு, அகலம் ஒரு தோளகலம், எடை முன்காலில் 60, பின்காலில் 40. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூன்றாவது வரிசை ஓய் சுகி (அடி வைத்துக் குத்துவது) போகும்போது பின் குதிகால் தூக்கும், அடி வைக்கும் நடுவில் தலை மேலே எழும்பி இறங்கும். கணுக்கால் இறுகியிருந்தால் குதிகால் தூக்கும். தொடை களைத்தால் தலை எழும்பும். முதலாவதற்குச் சுவரில் கை ஊன்றிப் பின்காலை நீட்டி, குதிகால் தரையில் பட 30 விநாடி, காலுக்கு 3 தடவை. இரண்டாவதற்குத் துணி காயப்போடும் கொடிக்கயிறு போதும். நிலையில் நின்று உச்சந்தலைக்கு இரண்டு விரல் மேலே கட்டி, அதன் அடியிலேயே முன்னும் பின்னும் போங்கள். கயிறு தலையில் தட்டினால் எழும்பிவிட்டீர்கள்.

மவாத்தே (திரும்பு) என்றதும் திரும்புவதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பின்காலைப் போதுமான அளவு குறுக்கே கொண்டுபோகாததால், திரும்பி முடிக்கும்போது இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வந்துவிடும். அந்த நிலையில் கெடான் பராய் (கீழ்த் தடுப்பு) போட்டால் உடம்பு ஆடும். தரையில் செங்கல் துண்டால் தோளகலத்துக்கு இரண்டு கோடு கிழித்து, திரும்பியதும் பாதம் ஆளுக்கொரு கோட்டில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கோலமாவு வேண்டாம், வழுக்கும்.

கட்டாவுக்கு பஸ்ஸாய் டாயையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 42 அசைவு. 19-இலும் 42-இலும் கியாய் (உரத்த குரல்). முதல் அசைவிலேயே எக்ஸாமினருக்குப் பாதி முடிவு தெரிந்துவிடும். பாதங்கள் சேர்ந்து, வலது முஷ்டியை இடது உள்ளங்கை மூடியிருக்க, முன்னோக்கிப் பாய்ந்து வலது காலில் இறங்க வேண்டும். இடது கால் வலது குதிகாலின் பின்னால் குறுக்கே வந்து ஒட்டும். வலது கை உச்சி உகே (உள்ளிருந்து வெளியே தடுப்பு), இடது கை அதற்குத் துணை. பையன்கள் பெரும்பாலும் மேலே குதிக்கிறார்கள். குதித்தால் இறங்கும்போது உடம்பு முன்னால் சாயும், தடுப்பு, கால் இறங்கிய பிறகு தனியாக வரும். காலும் கையும் ஒரே நொடியில் முடிய வேண்டும். மாடிப்படியின் தாழ்வான கூரைக்கு அடியில் நின்று இந்த ஒரு அசைவை மட்டும் தினம் 20 தடவை செய்யுங்கள். மேலே குதித்தால் தலையே சொல்லிக் கொடுத்துவிடும். (ஹெல்மெட் போட்டுக்கொண்டு அல்ல, மெதுவாக!)

கட்டா நடுவில் மறந்துபோனால் முகத்தைச் சுளிக்காதீர்கள், தலையைச் சொறியாதீர்கள். கடைசி நிலையில் அப்படியே நின்று ஒரு மூச்சு விட்டு, நினைவிருக்கும் அடுத்த அசைவிலிருந்து தொடருங்கள். யாமே (நிறுத்து) என்று சொன்னாலும் உடனே தொய்யக்கூடாது. பார்வை எதிரில் இருக்கட்டும்.

குமிதேயில் ஜியு இப்பொன்தான் (சொல்லிவிட்டுத் தரும் ஒரே தாக்குதலைத் தடுத்து எதிரடி தருவது) முக்கியம். தாக்குபவர் ஜோடான் (முகத்துக்கு), சூடான் (வயிற்றுக்கு), மாய் கேரி (முன் உதை) என்று சொல்லிவிட்டுத்தான் வருவார். வரும் முன்பே பின்வாங்குவது பெரிய தப்பு. நேர்ப்பின்னால் மட்டும் போவது அடுத்த தப்பு. 45 பாகையில் விலகினால் தடுத்தவுடனே கியாக்கு சுகி (பின்காலின் பக்கத்துக் கையால் குத்து) எட்டும் தூரத்தில் இருப்பீர்கள். எதிரடி தோலுக்கு முன்னால் நிற்க வேண்டும். தாக்குபவராக நிற்கும்போதும் உங்களுக்கு மதிப்பெண் உண்டு என்பதைப் பலர் மறந்து, நண்பனுக்கு உதவுவதாக நினைத்து ஒரு முழம் குறைவாகக் குத்துகிறார்கள். அது இருவரையும் கெடுக்கும்.

பெற்றோர் முன்னால் ஓடு உடைப்பது, கைமேல் பைக் ஏற்றுவது எல்லாம் வேடிக்கை. எலும்பு வளர்கிற வயதில் அதை விட்டுவிடுவதே நல்லது.

கிரேடிங் பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில் நடக்கும். இந்தப் பக்கம் கிரானைட் வெட்டும் ஊர் என்பதால் தரையும் பளபளவென்று இருக்கும். முந்தைய பேட்ச் வியர்வை சொட்டிய இடத்தில் திரும்பினால் கால் போய்விடும். சின்னத் துண்டு வைத்துக்கொண்டு, பெயர் கூப்பிடும் முன் பாதத்தைத் துடையுங்கள். ரொம்ப வழுக்கினால் நிலையின் நீளத்தைக் கொஞ்சம் குறைப்பது பரவாயில்லை, விழுவதைவிட மேல்.

அன்றைக்குப் புது டிரெஸ் வேண்டாம். பருத்தி சுருங்கும், மடமடப்பாக இருக்கும். முன்பே மூன்று தடவை துவைத்துவிடுங்கள். "டப்" என்று சத்தம் வர வேண்டும் என்று கஞ்சி போட்டவர்கள், வியர்த்ததும் அது பிசுபிசுவென்று ஒட்டுவதை அன்றுதான் தெரிந்துகொள்வார்கள். சட்டையின் இடது பக்கம் மேலே வர வேண்டும். பேன்ட் கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். காப்பு, கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். மந்திரித்த கயிறு கழற்ற மனமில்லை என்றால் மேலே பிளாஸ்திரி சுற்றிவிடலாம், ஆனால் மாஸ்டரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கை, கால் நகம் வெட்டியிருக்க வேண்டும்.

ராகிக் களி நல்ல சாப்பாடுதான், முதல் நாள் மதியம் சாப்பிடுங்கள். அன்று காலையில் அது வயிற்றில் கல் மாதிரி நிற்கும். மூன்று மணி நேரம் முன்பு மூன்று நான்கு இட்லி, ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம். பென்னாகரம், அரூர் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் டப்பாவில் இட்லியைக் கொண்டுவந்து விடுங்கள். மண்டபம் பக்கத்தில் பஜ்ஜியும் டீயும்தான் கிடைக்கும். இடையில் உப்புப் போட்ட மோர் இரண்டு மடக்கு.

கடைசியாக அந்த ஃபார்ம். பணம் கட்டும் முன் சான்றிதழ் யார் பெயரில் வருகிறது, டான் (பிளாக் பெல்ட் தரம்) நம்பர் எங்கே பதிவாகிறது என்று கேளுங்கள். பெயரைப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள். இனிஷியல் முன்னாலா, பின்னாலா, விரித்தா என்பதில் ஒரு எழுத்து மாறினாலும், பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குக் காட்டும்போது அது நீங்கள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். பிறந்த தேதியையும் ஆதாருடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.