தேவாலயச் சுவரில் அரச சின்னமா? படிக்கும் வழி இதோ

ஸ்பெயினின் பழைய தேவாலயங்களில் புனிதர்களோடு போட்டி போட்டுக்கொண்டு அரசர்களின் கேடயங்களும் சுவரை நிறைத்திருக்கும். தொலேதோவின் சான் ஹுவான் தே லோஸ் ரேயஸ் மடாலயத்தை வைத்துப் பழகலாம். காஸ்தில் அரியணைக்காக நடந்த 1476 தோரோ போருக்குப் பின், காஸ்தில் அரசி இசபெல்லாவும் அவர் கணவர் அரகோனின் பெர்டினாண்டும் தங்கள் கல்லறைக்கென்றே தொடங்கிய கட்டடம் இது.

1. முதலில் கேடயத்தைத் தாங்குவது யார் என்று பாருங்கள். இங்கே ஒற்றைத் தலைக் கழுகு, தலைக்குப் பின் ஒளிவட்டம். அது நற்செய்தியாளர் யோவானின் கழுகு. இசபெல்லா விரும்பி எடுத்துக்கொண்டது.

2. கேடயத்தை நான்காகப் பிரியுங்கள். உங்கள் இடது மேல் கட்டமே முதல் கட்டம். அதற்குள் இன்னொரு நாலு கட்டம், ஒவ்வொரு படமும் ஓர் அரசைக் குறிக்கும்: கோட்டை காஸ்தில், சிங்கம் லியோன். மூலைவிட்டமாக வலது கீழேயும் இதே படம் வரும். மிச்சம் இரண்டில் நெட்டுக்கோடுகள் அரகோன், பக்கத்தில் X வடிவப் பிரிவில் இரண்டு கழுகுகள் சிசிலி. கல்லில் நிறம் இருக்காது, உருவத்தை மட்டும் நம்புங்கள்.

3. இப்போது கேடயத்தின் கீழ்முனை. எனக்குப் பிடித்த இடம் இதுதான். கிரனாடா என்றால் ஸ்பானிஷில் மாதுளை. 1492 ஜனவரியில், முஸ்லிம் அரசின் தலைநகராக இருந்த அந்த நகரம் இவர்களிடம் வீழ்ந்ததும் கீழ்முனையில் ஒரு மாதுளம்பழம் ஏறியது. தொலேதோவின் பெரிய கேடயங்களில் பழம் இல்லை, அவை அதற்கு முந்தியவை. பழம் இருந்தால் 1492-க்குப் பிந்தியது என்று தைரியமாகச் சொல்லலாம். இல்லாவிட்டால் அவசரப்படாதீர்கள்: முனை தேய்ந்திருக்கலாம், சிற்பி இடமில்லாமல் விட்டிருக்கலாம். கிரனாடா அரச சிற்றாலயத்துக்குப் போனால் மாதுளையோடு பார்க்கலாம். கடைசியில் இருவரும் அடக்கமானதும் அங்கேதான்.

4. சுற்றியுள்ள சில்லறைச் சின்னங்கள்: நுகத்தடி பெர்டினாண்டுடையது, அம்புக்கட்டு இசபெல்லாவுடையது. நுகத்தின் ஸ்பானிஷ் பெயர் (yugo) மனைவியின் முதலெழுத்திலும் (அன்று Ysabel என்று எழுதுவார்கள்), அம்புகளின் பெயர் (flechas) கணவனின் முதலெழுத்திலும் (Fernando) தொடங்கும். கல்லிலும் கொஞ்சல்!

5. தொலேதோ மடாலயத்தின் வெளிச்சுவரில் தொங்கும் சங்கிலிகளைச் சின்னக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிரனாடா அரசில் சிறைப்பட்டிருந்து விடுதலையான கிறிஸ்தவர்களுடையவை.

இரட்டைத் தலைக் கழுகு தென்பட்டால் அது இவர்களின் பேரன் ஐந்தாம் சார்லஸ் காலம். அதைப் பார்க்க மடாலயத்திலிருந்து தொலேதோவின் பிசாக்ரா நகர வாசலுக்கு நடந்தே போய்விடலாம். கேடயம் வாசலுக்கு மேலேயே பெரிதாக இருக்கும்.