மலையில் சைக்கிளா? தூரத்தை விடுங்கள், ஏற்றத்தை எண்ணுங்கள்

மலைப்பாதைக்கு நேரம் போடும்போது கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். ஏற வேண்டிய ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் 15 நிமிடம் என்று வையுங்கள்.

வத்தலக்குண்டு சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் சுமார் 2,100. ஏற்றம் 1,800 மீட்டர். 18 முறை 15 நிமிடம், அதாவது நாலரை மணி நேரம். டீக்கும் தண்ணீருக்கும் நிற்பது தனி. மதுரைச் சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் ஓட்டுகிற பழக்கத்தில் மூன்று மணி நேரம் போதும் என்று மதியம் கிளம்பினால், மேல் வளைவுகளில் இருட்டும் பனிமூட்டமும் பிடித்துக்கொள்ளும்.

மெதுவாக ஏறும்போது காற்றின் தடை மிகக் குறைவு. காலின் பலம் பெரும்பாலும் எடையைத் தூக்கத்தான் போகிறது. ஆளும் சைக்கிளுமாக 95 கிலோவை 100 மீட்டர் தூக்க 93 கிலோஜூல் வேண்டும். தொடர்ந்து 100 வாட் மிதிப்பவருக்கு அது கால் மணி நேரம். அதனால்தான் பையில் 10 கிலோ கூடினால் கொடைக்கானல் போய்ச் சேர்வது அரை மணி நேரம் தள்ளிப்போகும். துணியைக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

கொடைக்கானல்–பூம்பாறை போல இறங்கி ஏறும் சாலையில் இரு ஊர்களின் உயர வித்தியாசம் ஏமாற்றிவிடும். வரைபடச் செயலி காட்டும் மொத்த ஏற்றத்தை எடுங்கள். கியர் இல்லாத சைக்கிளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளத்தான் வேண்டியிருக்கும். கியர் இருந்தாலும் இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவின் உள்ஓரம்தான் மிகச் செங்குத்து, வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள்.