கற்பூர மரக்காட்டில் பாறை ஏறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் கற்பூர மர (யூகலிப்டஸ்) காடுகளுக்குள் உருண்டைப் பாறைகள் கிடக்கின்றன. சனி, ஞாயிறு வந்தால் கோவையிலிருந்து இளவட்டங்கள், விழுந்தால் தாங்கும் மடிப்பு மெத்தையான ‘பேட்’டை முதுகில் மாட்டிக்கொண்டு போல்டரிங் செய்ய, அதாவது கயிறில்லாமல் சின்னப் பாறைகளில் ஏற, கிளம்பி வந்துவிடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் எங்கள் கூட்டம் தொடக்கத்தில் அடித்த அதே கூத்தை வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். ஷூ அளவு, நகம் வெட்டுவது, சாக் பொடி பூசுவது எல்லாம் எந்த வீடியோவிலும் இருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேட்டைப் போட்டாச்சு, அப்புறம் என்ன?

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பாறை ஏறப் பழகும் ஜிம்மில் தரை முழுக்க மெத்தை. எங்கே விழுந்தாலும் ஒன்றுதான். காட்டில் பேட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கணுக்காலின் தலைவிதி.

கற்பூர மரம் 1843-இல் நீலகிரிக்கு வந்தது. 50 மீட்டரைத் தாண்டி வளரக்கூடியது, பட்டையை நீள நீளமாக உரித்துப் போடும். பட்டை, சருகு, சுள்ளி எல்லாம் சேர்ந்து பார்வைக்குச் சமதரை போலவே கிடக்கும். காலால் விலக்கினால் தெரியும்: வளைந்து நிற்கும் வேர், கூரான கல், காட்டுப்பன்றி கிளறிய குழி.

ஒரு கல்லூரிப் பையன் ஏறியது ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான பாறை. நண்பர்கள் சருகின் மேல் பேட்டை விரித்து, கையால் ரெண்டு தட்டு தட்டி, “ஓகே மச்சி” என்றார்கள். கடைசிப் பிடியில் கை நழுவியது. பேட்டின் மேல்தான் விழுந்தான். ஆனால் பேட்டின் பாதி வேரின் மேல், பாதி குழியின் மேல். பேட் மடங்கியது, கணுக்கால் திரும்பியது. ஒற்றையடிப் பாதையில் எஸ்டேட் ரோடு வரை அவனை மாற்றி மாற்றித் தூக்கி வந்தோம். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. ஆபரேஷன், எலும்பில் பிளேட், ஒரு செமஸ்டர் போச்சு. கீழே நின்று அவனைக் காக்க வேண்டிய நண்பன் அந்த நேரத்தில் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு ஆறாதது அதுதான்.

பேட்டை விரிக்கும் முன் ஒரு குச்சியால் சருகை ஒதுக்குங்கள். கையை விடாதீர்கள், தேள் இருக்கும். குழியைப் பைகளாலும் சருகாலும் அடைத்துச் சமமாக்குங்கள். பேட்டின் மடிப்பு வேரின் முண்டில் உட்காரக் கூடாது. ரெண்டு பேட் என்றால் நடுவில் விடும் இடைவெளிக்குள்தான் கால் போகும். ஒன்றின் விளிம்பை மற்றதன் மேல் ஏற்றிப் போடுங்கள். சரிவில் சருகின் மேல் பேட் வழுக்கிக்கொண்டு போகும். கீழ்ப்பக்கம் ஒரு கட்டையை அண்டை கொடுங்கள்.

அப்புறம், கைக்கு நேர்கீழே விழுவோம் என்று நினைக்காதீர்கள். வெளியே தள்ளி நிற்கும் பாறையில் கால் விட்டுப்போனால் உடம்பு வெளிப்பக்கம் வீசப்படும். அங்கே பெரிய மரத்தின் அடி நிற்கிறதா? கீழே நிற்பவர் விழுகிறவரைத் தாங்கிப் பிடிக்கப் போவதில்லை. இடுப்பைத் தள்ளிப் பேட்டின் பக்கம் திருப்புவதும், தலை மரத்தில் மோதாமல் பார்ப்பதும்தான் அவர் வேலை. மரம் ரொம்ப நெருக்கம் என்றால் அந்த வழியை விட்டுவிடுங்கள்; வேறு பாறையா இல்லை?

கிளம்பும்போது ஒதுக்கிய சருகைத் திரும்பப் பரப்பிவிட்டுப் போங்கள். வெறும் தரையை மழை அரித்துவிடும்.

பாறையின் முகம் காய்ந்தால் போதும் என்று ஏறுவது

பிரான்சின் ஃபோன்டென்ப்ளோ காட்டில் இருப்பது மணற்கல். ஈரத்தில் வலுவிழந்து பிடியே உடைந்து வரும், அதனால் மழை விட்ட பிறகும் காத்திருப்பார்கள். நம் பாறை சார்னோகைட், பல்லாவரம் குன்றில் இருக்கும் அதே இனம். ஈரத்தில் அப்படி இளகாது. அதை எங்கோ படித்துவிட்டு, மழை நின்றதும் பாய்கிறார்கள். அக்டோபர், நவம்பரில் கோத்தகிரியில் பெய்யும் பெய்யலுக்கு, மர நிழலில் பாறையின் முகம் காய்ந்தாலும் உச்சிப் பாசி காயாது. உச்சியில் கையை வைத்தால் வழவழவென்று இருக்கும், கீழே இறங்கவும் முடியாது. ஏறும் முன் பின்பக்கமாகச் சுற்றிப் போய் உச்சியையும் இறங்கும் வழியையும் பாருங்கள்.

தட்டிப் பார்க்காமல் இழுப்பது

இந்தப் பாறை வெங்காயம் போல அடுக்கடுக்காக உரியும். விரல் முட்டியால் தட்டுங்கள். பொள்ளென்று கேட்டால் அந்த ஏட்டைத் தொடாதீர்கள்.

கம்பி பிரஷ்

வேண்டாம். பிடியைத் தேய்த்துச் சுத்தம் செய்யப் பல் தேய்க்கும் பழைய பிரஷ் போதும்.

மேலே பார்க்காமல் உட்காருவது

கற்பூர மரம் காற்றே இல்லாத நாளிலும் கிளையை முறித்துப் போடும். டீ குடிக்க, பை வைக்க, தூங்க அதன் அடி ஏற்ற இடமில்லை. பாறையின் தாழ்வாரத்தில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள்.

பாறை இடுக்கு

கரடி படுக்கும் இடம். பொழுது சாயும் முன் இறங்குங்கள்.

அனுமதி

காப்புக்காடு என்றால் வனத்துறை, தோட்டம் என்றால் எஸ்டேட் ஆபீஸ். வாட்ச்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தது அனுமதியில் சேராது.