பீட்லாக் வீல்: வாங்குமுன் அளக்க வேண்டியவை, மாட்டும்போது தவறக் கூடாதவை

பீட்லாக் என்பது டயரின் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் வீல் அமைப்பு. அது தேவையா இல்லையா என்பதை, நீங்கள் டயரில் எவ்வளவு காற்று இறக்கி ஓட்டுகிறீர்கள் என்பதே சொல்லிவிடும். சாதாரண ரிம்மில் டயரின் பீட், அதாவது எஃகுக் கம்பி பொதிந்த உள்விளிம்பு, உள்ளிருக்கும் காற்றின் தள்ளலால்தான் ரிம்மோடு ஒட்டி நிற்கிறது. 15 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை இறக்கினால் பெரும்பாலும் சிக்கல் வராது. 10-க்குக் கீழே போய், பக்கச் சரிவில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் பீட் கழன்று மொத்தக் காற்றும் போய்விடும். பாறை ஏறுகிறவர்கள் பிடிப்புக்காக 5 முதல் 8 பி.எஸ்.ஐ. வரை இறக்குவார்கள். பீட்லாக் அவர்களுக்கானது. 15-க்குக் கீழே போகவே மாட்டேன் என்பவர் அந்தப் பணத்தில் நல்ல டயரும் கம்ப்ரஸரும் வாங்கலாம்.

பரவலாகக் கிடைப்பது வெளிப்பக்க பீட்லாக். டயரின் வெளி பீட், வீலில் வெட்டிய படியின் மேல் உட்காரும். அதன்மேல் ஒரு ரிங்கை வைத்துச் சுற்றிலும் போல்ட் போட்டு நெரிப்பார்கள். உள்பக்க பீட் வழக்கம்போலக் காற்றை நம்பியே இருக்கும், அதனால் அது கழலவே கழலாது என்று நினைக்க வேண்டாம். இரண்டு பீட்டையும் பிடிக்க வேண்டுமென்றால் இரட்டை பீட்லாக் வேண்டும். இரண்டு துண்டாகப் பிரியும் வீலுக்குள் ரப்பர் வளையம் வைத்து இறுக்கும் முறை ராணுவ வண்டிகளில் உண்டு. டயருக்குள் தனி டியூப் வைத்து, அதில் அதிக அழுத்தத்தில் காற்றடைத்து இரு பீட்டையும் ரிம்மோடு அழுத்தும் முறையும் உண்டு. இவற்றில் எடை கூடும், பஞ்சர் பார்ப்பதும் கடினம். இன்னொரு வகையும் கடைகளில் கிடைக்கிறது: பார்வைக்கு மட்டும் ரிங்கும் போல்ட் தலையும் ஒட்டிய போலி. அது டயரைத் தொடுவதே இல்லை. டயர் எப்படி மாட்டப்படுகிறது என்று கேட்டாலே குட்டு உடைந்துவிடும்.

அடுத்தது அளவுகள். போல்ட் எண்ணிக்கையும் வட்ட விட்டமும், ஹப் உட்காரும் நடுத்துளை, வீல் நட்டின் இருக்கை வடிவம், எடை தாங்கும் திறன் ஆகிய நான்கும் உங்கள் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். இதில் பேரம் இல்லை. தடுமாற்றம் வருவது ஆஃப்செட்டில், அதாவது வீலின் அகல நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரத்தில் (மி.மீ.). பழைய வீல் 7.5 அங்குலம், ஆஃப்செட் +44, புதியது 8.5 அங்குலம், −12 என்று வைத்துக்கொள்வோம். ஆஃப்செட் வித்தியாசம் 56 மி.மீ. அகலம் 1 அங்குலம் கூடியதால் பக்கத்துக்கு ஏறத்தாழ 13 மி.மீ. ஆக வீலின் வெளி விளிம்பு 69 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு சஸ்பென்ஷனை விட்டு 43 மி.மீ. விலகும். உள்ளே இடம் கிடைக்கும், ஆனால் ஸ்டீயரிங் கனக்கும், வீல் பேரிங் சீக்கிரம் தேயும், முழுதாகத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும். சில தயாரிப்பாளர்கள் ரிங்கையும் சேர்த்து அகலம் சொல்வார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். கேட்டுக்கொண்டு கணக்குப் போடுங்கள். பிரேக் கேலிப்பருக்கு இடம் இருக்கிறதா என்பதை டயர் ஏற்றும் முன்பே வெறும் வீலை மாட்டிச் சுற்றிப் பாருங்கள்.

எஃகு வீல் கனம், ஆனால் வளைந்தால் ஓரளவு தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு அலுமினியம் இலகு, பலமாக அடிபட்டால் விரிசல் விடும். ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய) அலுமினியம் இலகு, உறுதி, விலை அதிகம். எதுவானாலும் ரிங்கும் போல்ட்டும் தனியாக வாங்கக் கிடைக்கிறதா என்று உறுதி செய்யுங்கள், ஏனென்றால் பாறையில் முதலில் அடிபடுவது ரிங்தான். அலுமினிய வீலில் போல்ட் துளைகளுக்குள் எஃகு மரை பதித்திருந்தால் நல்லது; வெறும் அலுமினிய மரை பலமுறை கழற்றி மாட்டினால் தேய்ந்துவிடும்.

பீட்டின் தடிமன் டயருக்கு டயர் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பீட் தடிமனாக இருந்தால் ரிங்கின் உள்விளிம்புக்கும் வீலுக்கும் நடுவே இடைவெளி விழும். அதை முறுக்கியே மூட முயன்றால் ரிங் கிண்ணம்போல் குழிந்து, போல்ட் வளைந்து, ஒருநாள் ஒடியும். தயாரிப்பாளர் தரும் ஷிம் வளையத்தை (இடைவெளி நிரப்பும் மெல்லிய வளையம்) அந்த இடைவெளியில் வையுங்கள். பீட் மெல்லியதாக இருந்தால் கதை தலைகீழ்: ரிங் முதலில் வீலில் முட்டிவிடும், பீட் நெரிபடாது, காற்று கசியும்.

மாட்டும்போது படியையும் ரிங்கையும் துடைத்துவிட்டு, ரிங் பக்கம் மேலே வரும்படி வீலைக் கிடத்துங்கள். உள் பீட்டை இறக்கி, வெளி பீட்டைப் படியில் சுற்றிலும் சமமாக நடுவில் உட்கார வையுங்கள். இங்கே ஒருபக்கம் ஒதுங்கிவிட்டால் பிறகு எந்த பேலன்ஸிங்கும் அந்த ஆட்டத்தைத் தீர்க்காது. எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றி, எதிரெதிராக மூன்று நான்கு சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைசியில் வட்டமாக ஒவ்வொன்றாகப் போய், எதுவும் அசையாத வரை டார்க் ரெஞ்சால், அதாவது முறுக்கும் விசையை (டார்க்) அளந்து இறுக்கும் ஸ்பேனரால், பாருங்கள். பல வீல்களில் இறுதி டார்க் 20 முதல் 27 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும். உங்கள் வீலின் கையேடு சொல்வதே முடிவு. வீல் நட்டுக்கு உரிய பலத்தை இதில் காட்டினால் போல்ட் தலை கையோடு வரும். இம்பாக்ட் கன் வேண்டவே வேண்டாம். மரையில் கிரீஸ் தடவினால் அதே டார்க்கில் போல்ட்டின் இழுவிசை கூடிவிடும், ஆகவே தடவலாமா என்பதையும் கையேட்டிலேயே பாருங்கள்.

பிறகு உள் பீட் உட்காரும் வரை காற்றடியுங்கள். டயரில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கசிவு பாருங்கள். ரப்பர் நெரிந்து அடங்குவதால் மறுநாள் ஒருமுறை, முதல் 50 – 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு கரடுமுரடான ஓட்டத்துக்குப் பின்னும் டார்க் சரிபார்க்க வேண்டும். இந்த வேலைக்குச் சோம்பல்படுகிறவருக்கு பீட்லாக் சரிப்படாது.

கழற்றும்போது வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க வெளியேற்றாமல் ரிங் போல்ட் ஒன்றைக்கூடத் தளர்த்தாதீர்கள். காற்றோடு ரிங் பிய்த்துக்கொண்டு வந்தால் எதிரே நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

பொதுச் சாலையில் பீட்லாக் ஓட்டலாமா என்பது ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு மாறும். பல தயாரிப்பாளர்களே சாலைக்கு அல்ல என்று முத்திரை குத்தித்தான் விற்கிறார்கள். காப்பீட்டு விதியையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டெப்னிக்கு பீட்லாக் கட்டாயமில்லை. அதே டயர் அளவும் நெருங்கிய ஆஃப்செட்டும் உள்ள சாதாரண வீல் வீடு வந்து சேரப் போதும். வண்டியில் அரை டஜன் உதிரி ரிங் போல்ட், சரியான சாக்கெட், சிறிய டார்க் ரெஞ்ச், ஒரு வால்வு ஊசி எப்போதும் இருக்கட்டும்.