புதுச்சேரி ரேடியாலஜி மாநாட்டுக்குப் போகிறீர்களா?

கடலூரிலிருந்து புதுச்சேரி பக்கம்தான், ஆனால் இடையில் மாநில எல்லை இருக்கிறது. அதனால் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: சி.எம்.இ. (மருத்துவர்களின் தொடர் கல்வி) கிரெடிட் நேரத்துக்கு அனுமதி தந்தது எந்த மருத்துவ கவுன்சில், அதை உங்கள் கவுன்சில் ஏற்குமா? பதிவெண்ணையும் பெயரையும் பதிவுச் சான்றில் உள்ளபடியே கொடுங்கள். இனிஷியல் மாறினாலே சான்றிதழில் சிக்கல் வரும். வருகைப் பதிவைத் தவறவிடாதீர்கள்.

அரங்கில் எல்லோரும் செய்யும் தவறு, திரையைப் போனில் படமெடுப்பது. புரொஜெக்டர் ஒளியில் மெல்லிய சாம்பல் வேறுபாடுகள் போய்விடும். படம் பின்னால் உதவாது. பேச்சாளர் வைத்திருக்கும் விண்டோ அளவை, அதாவது ஸ்கேனின் எந்த அடர்த்தி வரம்பு திரையில் சாம்பல் நிறங்களாக விரிகிறது என்பதை, குறித்துக்கொள்ளுங்கள். மூளை சி.டி.க்கு வழக்கமாக அகலம் (வரம்பின் நீளம்) 80, மட்டம் (அதன் நடுப்புள்ளி) 40. பக்கவாதத்தின் தொடக்கநிலை மாற்றம் சில ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுகளே (சி.டி.யில் அடர்த்தியைக் குறிக்கும் அலகு) என்பதால் அதில் கண்ணுக்குத் தப்பும். அகலத்தை 40 ஆக்கினால் 20 முதல் 60 வரை மட்டுமே திரையில் விரியும், வேறுபாடு இரட்டிப்பாகத் தெரியும். படத்தில் இரைச்சலும் (புள்ளி புள்ளியான கலங்கலும்) கூடும், அதை மூளைப் பாதிப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

ஊர் திரும்பிய வாரத்திலேயே, முடிவு தெரிந்த பத்துப் பழைய ஸ்கேன்களில் இதைப் போட்டுப் பாருங்கள்.