எட்டு சேனலில் ஆரம்பிக்காதீர்கள்: சேர்ந்து செய்யும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குத் திட்டம் போடுவது எப்படி?

மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதைப் பெரிதாக்கி, எண்களாக மாற்றி, யூ.எஸ்.பி. வழியாகக் கணினிக்கு அனுப்பும் பெட்டியைத்தான் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிறோம். கடையில் வாங்கிய பெட்டி பழுதானால் அதன் சர்க்யூட் வரைபடம் பெரும்பாலும் நமக்குக் கிடைக்காது. ஓப்பன் ஹார்ட்வேரில் வரைபடம், பாகப் பட்டியல், ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) எல்லாமே எல்லோர் கையிலும் இருக்கும்.

இதை நண்பர்கள் கூடிச் செய்யலாம் என்று பேச்செடுத்ததும் ஒருவர் தவறாமல் சொல்வார்: “எப்படியும் செய்யப்போறோம், எட்டு சேனலா வச்சிடலாமே.” ஒரு சேனல் என்றால் ஒரு மைக்குக்கான தனி ஒலிப்பாதை. திட்டம் படுத்துக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

படி 1: ‘வேண்டாம்’ பட்டியல்

ஒரே ஒரு தாளை எடுங்கள். என் சிபாரிசு: 2 மைக் உள்ளீடு, 2 வெளியீடு, ஒரு ஹெட்ஃபோன், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். மறுபக்கம் ‘வேண்டாம்’ என்று தலைப்பிட்டு மிடி (மின்னணு இசைக்கருவிகளை இணைக்கும் வசதி), 192 கிலோஹெர்ட்ஸ், எட்டு சேனல் என்று எழுதி வையுங்கள். இந்தப் பக்கம்தான் நீளமாக இருக்க வேண்டும்.

எட்டு சேனல் நண்பரைக் கணக்குப் போட்டே சமாளிக்கலாம். பெட்டியை இயக்கும் சின்னக் கணினிச் சிப்தான் மைக்ரோகன்ட்ரோலர். மலிவானவற்றில் இருப்பது நொடிக்கு 12 மெகாபிட் யூ.எஸ்.பி. அதில் ஒலிக்கான ஒரு பொட்டலம் மில்லிசெகண்டுக்கு ஒருமுறை போகும். அதிகபட்சம் 1,023 பைட் தாங்கும். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லிசெகண்டுக்கு 48 மாதிரிகள் (ஒலியை அளந்த எண்கள்), 24 பிட் என்பதால் ஒவ்வொன்றும் 3 பைட். இரண்டு சேனலுக்கு 288 பைட், தாராளமாக இடமிருக்கிறது. எட்டு சேனலுக்கு 1,152. கொள்ளாது. அதற்கு 480 மெகாபிட் சிப் வேண்டும், போர்டு வேறு, வேலையும் வேறு.

சின்னதாக இருப்பதில் இன்னொரு லாபம்: யூ.எஸ்.பி. ஆடியோ கிளாஸ் 1, அதாவது யூ.எஸ்.பி.யில் ஒலி அனுப்பும் பொது விதிமுறையின் முதல் பதிப்பு, போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் டிரைவர் (சாதனத்தைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) ஏற்கெனவே இருக்கிறது. கிளாஸ் 2-க்கான டிரைவர் விண்டோஸிலேயே வந்தது 2017-இல்தான். டிரைவர் எழுதும் வேலையை மட்டும் தன்னார்வலர் தலையில் கட்டிவிடாதீர்கள்.

படி 2: மின்சாரக் கணக்கு

கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ‘ஃபான்டம் பவர்’ கொடுக்க வேண்டும். ஒரு மைக் 10 மில்லிஆம்பியர் வரை இழுக்கலாம். 48 × 0.01 = 0.48 வாட். இரண்டு மைக்குக்குச் சுமார் 1 வாட். 5 வோல்ட்டை 48 ஆக ஏற்றும் சர்க்யூட் 80 சதவீதத் திறனோடு வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால் 1.2 வாட் போய்விடும். சாதாரண யூ.எஸ்.பி. 2.0 தருவது 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட். ஏறக்குறைய பாதி மைக்குக்கே காலி. மீதியில்தான் ஹெட்ஃபோனும் மற்ற சிப்புகளும் பிழைக்க வேண்டும். பற்றாது என்று தோன்றினால் தனி பவர் சாக்கெட்டுக்கு இப்போதே இடம் விடுங்கள்.

படி 3: பாகப் பட்டியலில் ‘மாற்று’ என்று ஒரு பத்தி

2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில், ஒலிச் சிப்புகள் செய்யும் ஏ.கே.எம். நிறுவனத்தின் தொழிற்சாலை எரிந்தது. ஒலிச் சிப்புகளுக்குப் பெரிய தட்டுப்பாடு. வேறு சிப்புக்கு மாறிய நிறுவனங்கள் போர்டையே திருத்தி வரைய வேண்டியிருந்தது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நம் பாடு என்ன?

ஆகவே முக்கியமான ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே ஒரு மாற்று எழுதுங்கள். மைக் சிக்னலைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப்புக்கு தாட் 1510, ஐ.என்.ஏ.217 என்ற இரண்டு சிப்புகளும் நல்ல ஜோடி: எட்டுக் கால் வடிவில் கால் வரிசையும் ஒன்று, கெயின் (எத்தனை மடங்கு பெரிதாக்குவது) சூத்திரமும் ஒன்று. சாக்கெட்டில் செருகினால் புதியவர்கூட மாற்றிப் போடலாம். அடிவயிற்றில் சால்டர் செய்ய வேண்டிய சிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள்.

எங்கே வாங்குவது என்பதையும் பட்டியலில் குறியுங்கள். ஒருமுறை மலிவாகக் கிடைத்த ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) ஒன்றை அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தேன். மேல் எழுத்து கரைந்து, அடியில் வேறொரு எண் எட்டிப் பார்த்தது.

படி 4: வேலையைப் பிரிப்பது

அனலாக் போர்டு ஒன்று, டிஜிட்டல் போர்டு ஒன்று. நடுவில் ஒரு பின் கனெக்டர். எந்தப் பின்னில் எந்த சிக்னல் என்பதை முதல் வாரமே முடிவு செய்துவிட்டால், இரண்டு ஊரில் இருப்பவர்களும் ஒருவருக்கொருவர் காத்திராமல் வேலை செய்யலாம். ஒவ்வொரு கிளாக் சிக்னலுக்கு (சிப்புகளுக்குத் தாளம் கொடுப்பது) பக்கத்திலும் ஒரு கிரவுண்ட் பின் வையுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

சர்க்யூட் வரைய கீகேட் மென்பொருள் போதும், இலவசம். அதன் கோப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகள் என்பதால், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் யார் எதை மாற்றினார்கள் என்று தெரியும். ஆனால் ஒரே ஷீட்டை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் சேர்ப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஷீட்டுக்கு ஒருவர்தான் பொறுப்பு.

படி 5: உரிமமும் எண்ணும்

செர்ன் (ஐரோப்பிய அணு ஆராய்ச்சி அமைப்பு) எழுதிய ஓப்பன் ஹார்ட்வேர் உரிமத்தின் 2020 பதிப்பில் மூன்று வகை உண்டு. கண்டிப்பான வகையில், உங்கள் வடிவமைப்பைத் திருத்தி விற்பவர் தன் திருத்தத்தையும் வெளியிட வேண்டும். தளர்வான வகையில் அந்தக் கட்டாயம் இல்லை. முதல் நாளே தேர்ந்தெடுங்கள். பிறகு மாற்ற நினைத்தால் பங்களித்த ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டு அலைய வேண்டியிருக்கும். கணினி ஒரு சாதனத்தை அடையாளம் காணும் யூ.எஸ்.பி. எண்ணை, திறந்த திட்டங்களுக்கு இலவசமாகத் தரும் pid.codes தளத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

படி 6: சோதனையையும் இப்போதே எழுதுங்கள்

மைக்குக்குப் பதிலாக, மைக் செருகும் எக்ஸ்.எல்.ஆர். கனெக்டரின் 2, 3-ஆம் பின்களுக்கு நடுவே ஒரு 150 ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். கெயினை முழுதாகத் திருப்பி, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒரு நிமிடம் பதிவு செய்து ஸ்பெக்ட்ரத்தை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்ற வரைபடம்) பாருங்கள். 50, 100 ஹெர்ட்ஸில் முள் நின்றால் வீட்டு மின்சாரத்தின் ஹம். 1,000, 2,000, 3,000 என்று வரிசையாக நின்றால் யூ.எஸ்.பி. மேல் சந்தேகப்படலாம்: மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பொட்டலம் போகிறதல்லவா, அந்தத் தாளம் பவர் லைன் வழியாக ப்ரீஆம்ப்புக்குள் கசிகிறது. எவ்வளவு இரைச்சல்வரை ஏற்கலாம் என்பதை எண்ணாகத் தாளில் எழுதி வையுங்கள். ‘நல்லா இருக்கு’ என்பது அளவு ஆகாது.

அப்புறம், முதலில் ஐந்து போர்டு மட்டும் அச்சடியுங்கள். ஒன்றைக் கைதேர்ந்தவர் செய்யட்டும்; இரண்டை, சால்டரிங் அயர்னை இப்போதுதான் பிடித்தவர்களிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வாய்திறக்காமல் உட்கார்ந்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டு எரிந்துபோவதற்கு. முதல்முறை பவர் கொடுக்கும்போது யாருடைய லேப்டாப்பிலும் செருகாதீர்கள். ஒரு பழைய ஃபோன் சார்ஜரில் செருகி, 48 வோல்ட் சரியாக வருகிறதா என்று மல்ட்டிமீட்டரில் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் கணினிப் பக்கம் போங்கள்.